குளத்து மீனின் குடலும் அதன் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன் என்றால் பேச்சு கடலில்தான் தொடங்கும், கடலில்தான் முடியும். சாளையும் நெத்திலியும் சூரையும் வாசலுக்கே வரும் ஊரில் குளத்து மீனை யார் கவனிக்கிறார்கள்? ஆனால் நாஞ்சில் நாட்டுக் குளங்கள், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள், பழையாறு, கோதையாறு என்று நன்னீருக்கும் நமக்குப் பஞ்சமில்லை. குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் விட்டவர்களும், விலங்கியல் படிக்கும் பிள்ளைகளும், வீட்டில் மீன் அறுக்கும்போது சந்தேகம் வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே பதிலோடு சேர்த்திருக்கிறேன்.

குடலைப் பார்த்து மீன் எதைத் தின்னும் என்று நிஜமாகவே சொல்லிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் குடலை மட்டும் பார்த்தால் போதாது. வாய், தாடைப் பல், தொண்டைப் பல், செவுள்முள், வயிறு, குடல் ஆகிய ஆறையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொன்னால் சில மீன்கள் நம்மை நன்றாக ஏமாற்றிவிடும். புல்கெண்டை அதில் முதல் ஆள், அதைப் பற்றிக் கீழே வருகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுப்பின் அமைப்பு அந்த மீன் காலங்காலமாக எதைத் தின்று பழகியது என்பதைக் காட்டும். குடலுக்குள் கிடக்கும் இரை அது நேற்றும் இன்றும் எதைத் தின்றது என்பதைக் காட்டும். இரண்டும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

எந்த மீனை வாங்கி அறுத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும்?

ஒரு ரோகுவும் ஒரு விராலும் வாங்குங்கள். விராலை மேற்குப் பக்கத்தில் வரால் என்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கட்டும். சந்தையில் வெட்டிக் கொடுக்கும் அக்காவிடம், "வயிற்றைக் கீறாமல் முழுசாகக் கொடுங்கள்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாம் பார்க்க வேண்டியது அத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் வெளியே போய்விடும்.

மலத்துளையில் கத்தரியை நுழைத்து, நுனியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி, அடிவயிற்றை முன்பக்கமாக மார்புத் துடுப்பு வரை வெட்டுங்கள். ஆழமாகக் குத்தினால் குடல் கிழிந்து பச்சைக் கழிவு பரவி, எதுவும் தெரியாமல் போய்விடும். பிறகு விலாப் பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டி, சதையைக் கதவு மாதிரி விலக்குங்கள்.

விராலில் கண்ணில் படுவது மொத்தமே நாலைந்து சாமான்தான். தடித்த, வெளுத்த, பின்பக்கமாக நீண்ட ஒரு பை. அதுதான் வயிறு. அழுத்திப் பார்த்தால் தசை கெட்டியாக இருக்கும். வயிறு முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் சின்ன விரல் மாதிரி, மறுமுனை மூடிய இரண்டு குருட்டுப் பைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து கிளம்பும் குடல் ஒன்றிரண்டு மடிப்புப் போட்டு நேராக மலத்துளைக்குப் போய்விடும். வயிற்றைத் திறந்தால் அதிர்ஷ்டம் இருந்தால் அரைகுறையாகக் கரைந்த கெண்டைக்குஞ்சோ தவளைக்காலோ கிடைக்கும்.

ரோகுவைத் திறந்தால் காட்சியே வேறு. வயிற்றறை முழுக்கச் சுருட்டி வைத்த தும்புக்கயிறு போலக் குடல், குடல், குடல்தான். சுவர் அவ்வளவு மெல்லியது, உள்ளே இருக்கும் பச்சையும் பழுப்பும் கலந்த கூழ் வெளியே தெரியும். பை மாதிரி வயிறு எங்கே என்று தேடினால் கிடைக்காது. இந்த இரண்டு மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குடலை எப்படி அளப்பது? என்ன கணக்கு?

குடலின் இரு முனையையும் வெட்டி எடுத்து, சுருள்களை ஒட்டவைத்திருக்கும் மெல்லிய ஜவ்வையும் கொழுப்பையும் விரலால் பிரித்துவிடுங்கள். நனைந்த பலகையில் நேராக்கிக் கிடத்துங்கள். இழுக்கக் கூடாது. புதுக்குடல் ரப்பர் மாதிரி நீளும், இழுத்து அளந்தால் கணக்கு ஏறிவிடும். வரும் நீளத்தை மீனின் நீளத்தால் வகுக்க வேண்டும். மீனை மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்தீர்களா, வால் நுனி வரை அளந்தீர்களா என்று குறித்து வையுங்கள். எல்லா மீனுக்கும் ஒரே முறைதான் இருக்க வேண்டும்.

விடை ஒன்றுக்குக் கீழே வந்தால் அநேகமாக இரைபிடிக்கும் மீன். ஒன்றிலிருந்து மூன்று வரை என்றால் கிடைத்ததைத் தின்னும் கலப்புணவு மீன். மூன்றுக்கு மேலே போனால் பாசி, செடி, அடிச்சேற்றில் மக்கிய பொருள் ஆகியவற்றைத் தின்னும் மீன். நன்னீர் வாளை (கடல் வாளை இல்லை), விரால் எல்லாம் ஒன்றைத் தொடாது. கட்லா நாலு, ஐந்து மடங்கு வரும். மிர்கால் எட்டு மடங்கு அளவில் இருக்கும். வளர்ந்த ரோகு பன்னிரண்டு மடங்கு வரை போகும். ஒரு அடி நீள ரோகுவின் குடல் மூன்று மீட்டரைத் தாண்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பாசி தின்னும் மீனுக்கு ஏன் அவ்வளவு நீளம்?

மீன் சதை மீனுக்குச் சுலபமாகச் செரிக்கும். புரதம் நிறைய, கடினமான உறை எதுவும் கிடையாது. செடியும் பாசியும் அப்படி இல்லை. ஒவ்வொரு செல்லையும் செல்லுலோஸ் போன்ற கெட்டியான சுவர் மூடியிருக்கும். அதை உடைக்கும் நொதியை மீன் தானாகப் பெரிதாகச் சுரப்பதில்லை. குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் கொஞ்சம் உதவும். போதாததற்கு, வாய் நிறையத் தின்றாலும் அதில் சத்து குறைவு, தண்ணீரும் மண்ணும்தான் அதிகம். அதனால் நிறையத் தின்ன வேண்டும், தின்றது உள்ளே அதிக நேரம் நகர வேண்டும், உறிஞ்சப் பரப்பும் வேண்டும். இந்த மூன்றுக்கும் நீளமான குடல் பதில் சொல்கிறது.

கெண்டை மீனுக்கு வயிறே கிடையாதாமே, உண்மையா?

உண்மைதான். ரோகு, கட்லா, மிர்கால், புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை, சாதாக்கெண்டை என்று கெண்டைக் குடும்பம் முழுவதற்கும் உண்மையான வயிறு இல்லை. உணவுக்குழாய்க்கு அடுத்து குடலின் முன்பகுதி சற்று உப்பியிருக்கும், பலரும் அதைத்தான் வயிறு என்று நினைக்கிறார்கள். அங்கே அமிலம் சுரக்காது, புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதியும் கிடையாது. செரிமானம் முழுவதும் குடலில், காரத்தன்மை உள்ள நீர்மத்தில்தான் நடக்கிறது.

இதில் மீன் வளர்ப்பவர்களுக்கு வேலைக்கு ஆகும் விஷயங்கள் இரண்டு உண்டு. முதலாவது, சேர்த்து வைக்கப் பை இல்லாததால் கெண்டை ஒரே மூச்சில் நிறையத் தின்று வைத்துக்கொள்ளாது. காலையில் ஒரு கூடைத் தவிட்டைக் கொட்டிவிட்டுப் போனால் பாதி அடியில் அழுகிப்போகும். பிரித்துப் பிரித்துப் போட வேண்டும், அல்லது துளையிட்ட சாக்கில் கட்டிக் கம்பில் தொங்கவிட வேண்டும். மீன் வந்து வந்து முட்டித் தின்னும். இரண்டாவது, அமிலம் இல்லாததால் எலும்பில் இருக்கும் பாஸ்பரஸைக் கெண்டையால் சரியாகக் கரைக்க முடியாது. கருவாட்டுத்தூள் நிறையப் போட்டிருக்கிறேன், சத்து போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. நல்ல கெண்டைத் தீவனத்தில் கரையும் பாஸ்பேட்டைத் தனியாகச் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

அப்படியானால் வயிறு இல்லாத மீனெல்லாம் சைவமா?

அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். ஊசிமூக்கு நீண்ட, நீர்ப்பரப்பை ஒட்டி மெலிந்து நீந்தும் நன்னீர் ஊசிமீனை ஆற்றில் பார்த்திருப்பீர்கள். அதற்கும் வயிறு இல்லை, ஆனால் அது சின்ன மீனையும் பூச்சியையும் பிடித்துத் தின்னும் அசல் வேட்டைக்காரன். நீண்ட தாடையையும் அதில் வரிசையாக நிற்கும் கூர்ப்பற்களையும் குட்டையான நேர்க்குடலையும் பார்த்தால் புரிந்துவிடும். ஆறையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

கெண்டை வாயில் விரல் விட்டால் பல்லே தட்டுப்படவில்லை. எப்படி மெல்லுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பல் இருக்கிறது, ஆனால் தொண்டையில். மரச்சீனிக் கிழங்குக்குக் கெண்டைத்தலைக் குழம்பு வைத்தால், தலையை வீசிவிடாமல் கடைசிச் செவுள் வளைவுக்குப் பின்னால் தோண்டிப் பாருங்கள். அரிவாள் மாதிரி வளைந்த இரண்டு எலும்புகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் பற்கள் நிற்கும். இவை ஒன்றோடொன்று அரைப்பதைவிட, மேலே மண்டையோட்டின் அடிப்பகுதியில் இருக்கும் கெட்டியான திண்டின்மேல் அழுத்தித்தான் அரைக்கின்றன. கொதித்த தலையில் எலும்பு தானாகக் கழன்று வரும் என்பதால் குழம்புத்தலைதான் இதற்கு வசதி. கழுவிக் காயவைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும்.

பல்லின் வடிவம் சாப்பாட்டைச் சொல்லிவிடும். சாதாக்கெண்டையின் பல் நம் கடைவாய்ப் பல்லைப் போலத் தட்டையாக, பெரிதாக இருக்கும். நத்தை ஓட்டை நொறுக்க அது வேண்டும். புல்கெண்டையின் பல் பக்கவாட்டில் தட்டையாகி, ஓரத்தில் ரம்பம் மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும். புல்லை நறுக்குவதற்கு அதுதான் கத்தி. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு சின்னப் பிள்ளையிடம் காட்டினால்கூட எது புல் தின்னும் என்று சரியாகக் கையைக் காட்டும்.

புல்கெண்டை புல்தான் தின்கிறது. ஆனால் குடல் குட்டையாக இருக்கிறதே?

ஆமாம், இதுதான் ஏமாற்றும் ஆள். முழுக்கச் செடி தின்னும் மீனுக்கு குடல் உடலைப்போல் இரண்டு, மூன்று மடங்குதான். நீளக்கணக்கை மட்டும் பார்த்தால் கலப்புணவு மீன் என்று எழுதிவிடுவோம். அது வேறு வழியைப் பிடித்திருக்கிறது. தொண்டைப் பல்லால் செடியைத் துண்டு துண்டாக நறுக்கி, கிழிபட்ட செல்லிலிருந்து வரும் சாற்றை எடுத்துக்கொண்டு, மீதியைச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடும். தின்றதில் பெரும்பங்கு செரிக்காமலே போகும், அதை ஈடுகட்ட மலைமலையாகத் தின்னும். அது போடும் பச்சை எச்சம் குளத்துக்கு உரமாகி மிதவைப் பாசியை வளர்க்கும், அதை வெள்ளிக்கெண்டை தின்னும். புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் 1959இல்தான் நம் நாட்டுக்கு வந்தன. இரண்டையும் ஒரே குளத்தில் சேர்த்து விடுவதற்கு இந்த எச்ச உரமும் ஒரு காரணம்.

எங்கள் ஊர்க் குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. புல்கெண்டையை விட்டால் தின்று தீர்த்துவிடுமா?

அந்த நம்பிக்கையில் பணத்தைப் போடாதீர்கள். அந்த ரம்பப் பல் மென்மையான செடிக்கு ஏற்றது. வேலம்பாசி, அசோலா, இளம்புல், நறுக்கிப் போட்ட வாழையிலை என்றால் ஆசையாகத் தின்னும். ஆகாயத்தாமரையின் நாரும் தண்டும் அதற்கு ஒத்துவராது. இளம் வேரைக் கொஞ்சம் கடிக்கலாம், அவ்வளவுதான். ஆகாயத்தாமரைக்கு ஆள் இறக்கி வாரிப் போடுவதுதான் வழி. நம் குளங்கள் இப்படி மூடிக்கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வாருவதற்கு ஊர் கூடினால் ஆகக்கூடிய வேலைதான் அது.

சிலேபி எந்தக் குளத்தில் விட்டாலும் பெருகிவிடுகிறதே, அதற்கும் குடலுக்கும் சம்பந்தம் உண்டா?

பெருகுவதற்கு முதல் காரணம் அது குஞ்சு வளர்க்கும் விதம். தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். ஆனால் எந்தக் குளத்திலும் பட்டினி கிடக்காமல் இருப்பதற்குச் செரிமானம்தான் காரணம். சிலேபிக்கு வயிறு உண்டு, அந்த வயிற்றின் அமிலம் சாதாரண அமிலம் இல்லை. நன்றாகத் தின்றுகொண்டிருக்கும் மீனில் பி.எச். (குறையக் குறைய அமிலம் கடுமை என்று காட்டும் அளவு) இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். நீலப்பச்சைப் பாசியின் சுவரை அந்த அமிலமே உடைத்துவிடும். கெண்டைகள் திணறும் உணவு இது. அதற்குப் பின்னால் உடலைப்போல் ஏழு, எட்டு, பத்து மடங்கு நீளமான குடல் வேறு. கழிவுநீர் சேர்ந்து பச்சையாகிப்போன குளத்தில் மற்ற மீன் செத்தாலும் சிலேபி கொழுத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த மீன் 1952இல் இந்தியாவுக்கு வந்தது.

சிலேபியை அறுத்தால் வயிற்றறையின் உள்பக்கம் கறுப்பு ஜவ்வு இருக்கும். சாக்கடை மீன் என்று பலர் தூக்கி எறிகிறார்கள். அது அழுக்கு இல்லை, அந்த ஜவ்வின் இயல்பான நிறம். பாசி தின்னும் வேறு சில மீன்களிலும், வெள்ளிக்கெண்டையிலும் இதைப் பார்க்கலாம். உரித்துவிட்டுச் சமையுங்கள்.

செவுள்முள் என்றால் என்ன? எதற்குப் பார்க்க வேண்டும்?

செவுள் மூடியைத் தூக்கினால் சிவப்பு இழைகள் பின்பக்கம் தெரியும். அதே வளைவின் முன்பக்கம் வெள்ளையாகச் சீப்புப்பல் மாதிரி நிற்பதுதான் செவுள்முள். விராலில் அவை குட்டையாக, முரடாக, தூரத்தூர நிற்கும். பிடித்த இரை செவுள் வழியாக நழுவாமல் தடுத்தால் போதும் அதற்கு. கட்லாவில் நீளமாக, நெருக்கமாக இருக்கும், நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளை வடிகட்ட. வெள்ளிக்கெண்டையில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி பஞ்சு போன்ற சல்லடையாகவே மாறியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத பாசியும் அதில் சிக்கும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை அடையாளம் காணவும் இது உதவும். அதை வளர்க்கத் தடை வந்தும் கோழிக்கழிவு போட்டு வளர்ப்பது நிற்கவில்லை. வயிறும் குடலும் நாட்டுக் கெளுத்தியைப் போலத்தான் இருக்கும், குடலை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு வளர வளரச் செவுள்முள் கூடிக்கொண்டே போய், பெரிய மீனில் நூறைக்கூட எட்டும். நாட்டுக் கெளுத்திக்கு அதைவிட மிகவும் குறைவு. ஆப்பிரிக்கக் கெளுத்தி மீனும் தின்னும், தவளையும் தின்னும், மிதவை உயிரையும் வடிகட்டும். தப்பித்து ஆற்றில் இறங்கினால் நம் நாட்டு மீனுக்கு எது மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாயைப் பார்த்து என்ன தெரியும்?

எந்த மட்டத்தில் மேய்கிறது என்று தெரியும். கட்லாவின் வாய் மேல்நோக்கி, மேல்மட்டம். ரோகுவின் வாய் சற்றுக் கீழே, உதடு தொங்கல் தொங்கலாக, நடுமட்டம். மிர்காலின் வாய் கீழ்நோக்கி, அடிமட்டம். வாளையின் வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மணக்குடிக் காயலில் பிடித்த மடவையில் கல் மாதிரி ஒரு உருண்டை இருந்தது. நோயா?

நோய் இல்லை, அது வயிற்றின் பின்பகுதி. கோழிக்கு இருப்பதைப் போலவே தசை தடித்த அரைவைப்பை. மடவை அடிமண்ணை அள்ளி, அதிலிருக்கும் நுண்பாசியையும் மக்கிய பொருளையும் தின்னும். அள்ளிய மணலே உள்ளே அரைகல்லாக வேலை செய்கிறது. வெட்டிப் பார்த்தால் நடுவில் துளி இடம், சுற்றிலும் சதை. அதற்குப் பின்னால் நீளமான குடல். தொண்டைப் பல் செய்ய வேண்டியதை இங்கே வயிறு செய்கிறது.

குஞ்சுகளுக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. ரோகு குஞ்சாக இருக்கும்போது குடல் குட்டைதான், அது தின்பதும் நுண்ணிய விலங்குகளைத்தான். வளர்ந்து பாசிக்கும் செடிக்கும் மாறும்போது குடல் உடலைவிட வேகமாக நீள்கிறது. அதனால் விரல் நீளக் குஞ்சை அளந்துவிட்டு அந்த இனத்துக்கே முத்திரை குத்தக் கூடாது. நாற்றங்கால் குளத்தில் சாணம் கரைத்து நுண்ணுயிர் வளர்த்த பிறகு குஞ்சு விடுவதும் இதற்காகத்தான்.

அறுத்தால் குடல் காலியாக இருக்கிறது. என்ன அர்த்தம்?

விரால், வாளை மாதிரி மீன்களில் காலி வயிறு சகஜம். ஒருமுறை வயிறாரத் தின்றுவிட்டுச் சும்மா கிடக்கும் வகை. சினை முற்றிய மீனும் பெரும்பாலும் தின்னாது, தின்ன வயிற்றறையில் இடமும் இருக்காது. வலையில் நெடுநேரம் கிடந்த மீன் இரையைக் கக்கியும் இருக்கலாம்.

பித்தப்பை இதற்கு ஒரு சாட்சி. மீன் தின்னாமல் இருந்தால் பித்தம் சேர்ந்து பை உப்பி, கரும்பச்சையாக இருக்கும். சற்று முன் தின்றிருந்தால் பை சுருங்கியிருக்கும். பார்க்கலாம், ஆனால் வாயில் வைத்துவிடாதீர்கள். மருந்து என்று நம்பிக் கெண்டையின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் உண்டு.

கோதையாற்று ஓடையில் பாறையில் ஒட்டி நிற்கும் மீனையும் பிடித்து அறுத்துப் பார்க்கலாமா?

கல்லொட்டியைச் சொல்கிறீர்கள். வாய்க்குக் கீழே ஒட்டுவதற்கு ஒரு தட்டு, பாறைப் பாசியைச் சுரண்ட ஏற்ற கீழ்வாய், நீளக்குடல். வெளியே பார்த்தாலே சாப்பாடு தெரிகிற மீன் அது. அறுக்க வேண்டியதில்லை. மலையோடை மீன்களின் வாழிடம் சிறியது, அங்கே பெரும்பகுதி காப்புக்காடு, பிடிக்க அனுமதியும் வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வேண்டாம், ஓடைக்கரையில் உட்கார்ந்து பாருங்கள். பாசி வழித்த தடம் பாறையில் தெரியும். குடல் பார்க்க ஆசையா, சந்தையில் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் மீன் போதும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு என் குளத்தில் என்ன செய்வது?

கட்லா, ரோகு, மிர்கால், வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக்கெண்டை ஆறையும் சேர்த்து விடும்போது, ஒவ்வொன்றுக்கும் உங்கள் குளத்தில் சாப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். நீர்ச்செடி இல்லாத குளத்தில் புல்கெண்டையை விட்டால் தினமும் புல் வெட்டிப் போட ஆள் வேண்டும். அடிச்சேறு இல்லாத புதுக்குளத்தில் மிர்கால் மெலியும். மிர்காலும் சாதாக்கெண்டையும் ஒரே அடிமட்டத்தில் மோதிக்கொள்ளும், ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறையுங்கள். விராலை இவற்றோடு சேர்க்கவே வேண்டாம்.

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சரிபாதி கலந்து போடுவது வழக்கம். தேங்காய்ப் பிண்ணாக்கு நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பதால் ஒரு பங்கு அதையும் சேர்ப்பவர்கள் உண்டு. போடும் தீவனம் வேலை செய்கிறதா என்று தெரிய, மாதம் ஒரு முறை வலை வீசும்போது ஒரு மீனை எடுத்துக் குடலைத் திறந்து பாருங்கள். முன்பகுதியில் தவிடு, பின்பகுதியிலும் உருமாறாத தவிடு என்றால் தீவனம் கரடுமுரடாக இருக்கிறது, இன்னும் நைசாக அரைத்து ஊறவைத்துப் போடுங்கள். குடல் முழுக்கப் பச்சைக்கூழ்தான், தவிட்டையே காணோம் என்றால் குளத்திலேயே பாசி போதுமான அளவு இருக்கிறது, தீவனச் செலவைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம்.